ஓட்ட விளையாட்டில் ஊஞ்சல் தடை: வீச்சு தானாகப் பெருகுவது ஏன், அது எப்படி ஆட வேண்டும்?

கேள்வி: காரைக்குடி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டு மாதமாகக் கோடோ என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் பக்கவாட்டில் ஓடித் தாவும் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் புகுந்துவிட்ட சிறுமி, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என ஒவ்வொன்றாகக் கடந்து கொல்லைக் கிணற்றடியை அடைய வேண்டும் என்பது கதை. என் சிக்கல் இரண்டாம் கட்டில் இருக்கிறது. அங்கே தேக்கு உத்தரத்திலிருந்து இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் நான்கு ஊஞ்சல் பலகைகள் ஆளில்லாமலே ஆடிக்கொண்டிருக்கும். பலகை இடித்துவிட்டால் சிறுமி அந்தக் கட்டின் வாசலுக்கே திரும்பிவிடுவாள்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலியின் நீளம் 3 மீட்டர். பலகையின் அகலம் 60 செ.மீ.; அது மிகத் தாழ்ந்த நிலையில் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். சிறுமியின் உயரம் 1.2 மீட்டர், உடலகலம் அரை மீட்டர், ஓடும் வேகம் விநாடிக்கு 4 மீட்டர்.

முதலில் பலகையை ஒரு கோணத்திலிருந்து மறு கோணத்துக்கு ஒரே வேகத்தில் நகர்த்திப் பார்த்தேன். பேருந்துக் கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் வைப்பரைப் போல இருந்ததே தவிர, ஊஞ்சலின் சாயல் அதில் சற்றும் இல்லை. ஆகவே இயற்பியல் பாடத்தில் படித்தபடி, ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையின் படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும்) கோணத்துடன் கோணவேகத்தையும், பிறகு கோணவேகத்துடன் முடுக்கத்தையும், ஃபிரேம் நேரத்தால் பெருக்கிக் கூட்டும் நிரலை எழுதினேன். ஆட்டம் உயிரோடு வந்துவிட்டது. ஆனால் 20 பாகையில் தொடங்கிய ஊஞ்சல் அரை நிமிடத்துக்குள் 40 பாகைக்கு எழுகிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே ஓடும் நண்பரின் பழைய மடிக்கணினியில் அதே பெருக்கம் கால் நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. கோணவேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் வரியொன்றைச் சேர்த்து என் கணினியில் ஆட்டத்தை நிலைநிறுத்தினேன்; நண்பரின் கணினியில் அது இன்னும் பெருகத்தான் செய்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒவ்வொரு ஊஞ்சலும் திரைக்குள் வரும்போதுதான் ஆடத் தொடங்குகிறது என்பதால், நான்கும் ஒன்றோடொன்று சேரும் தாளம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது, இது முறைதானா? பலகை ஆடும்போது அதுவும் சங்கிலியோடு சேர்ந்து சாய வேண்டுமா, கிடையாகவே இருக்க வேண்டுமா?

மறுமொழி 1: தேவகோட்டை, இயற்பியல் ஆசிரியை

தம்பி, நிரலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஊசலைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

வைப்பரைப் போல இருந்தது என்று நீங்கள் உணர்ந்ததற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே வேகத்தில் நகரும் பொருள், தன் பாதையின் நடுப்பாதியிலும் இரு ஓரப்பாதிகளிலும் சமமான நேரத்தைச் செலவிடுகிறது. ஊசல் அவ்வாறு செய்வதில்லை. வீச்சு மிகப் பெரிதாக இல்லாதவரை அதன் இயக்கம் சீரிசை இயக்கத்துக்கு நெருக்கமானது. அதில் நடுப்பாதியைக் கடக்க மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது, எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஊசல் ஓரங்களில் தயங்கி நிற்கிறது. ஊஞ்சலில் ஆடியவர் எவருக்கும் இந்தத் தயக்கம் தெரியும். உச்சியில் ஒரு கணம் உடல் எடையற்றுப் போவதைப் போலத் தோன்றி, பிறகு வயிறு குழைய நடுவை நோக்கி விரைவோமே, அந்த வேறுபாட்டைத்தான் உங்கள் கண் தேடியது.

3 மீட்டர் சங்கிலியின் அலைவுக்காலத்தை, அதாவது ஒருமுறை போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தைக் கணக்கிட, 3-ஐ ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2 பையால் பெருக்க வேண்டும். விடை 3.48 விநாடி. பலகையின் எடைக்கு இதில் பங்கில்லை. தேக்குப் பலகை ஆனாலும் வெறும் தகரம் ஆனாலும் அதே காலம்தான். நீளத்துக்கு மட்டுமே பங்குண்டு, அதுவும் வர்க்கமூலமாக: ஆட்டத்தின் காலத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் சங்கிலியை நான்கு மடங்காக்க வேண்டும். விளையாட்டில் ஊஞ்சலை மெதுவாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தை மட்டும் நீட்டிவிடுகிறார்கள். அப்போது ஊஞ்சல் தண்ணீருக்குள் ஆடுவதைப் போலத் தெரியும்.

வீச்சுக்கும் சிறிது பங்குண்டு, அதை மறந்துவிட வேண்டாம். சிறு வீச்சுக்கு 3.48 விநாடி என்றால், 60 பாகை வீச்சுக்கு 7 விழுக்காடு கூடி 3.73 விநாடி ஆகும். 90 பாகைக்கு 18 விழுக்காடு கூடும். 1656-இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் இந்த வேறுபாட்டை நீக்குவதற்காகவே ஊசலின் பாதையை வட்டத்திலிருந்து சைக்ளாய்டு வளைவுக்கு (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவு) மாற்ற முயன்றார். நம் வீடுகளின் முகப்பில் மாட்டியிருக்கும் பழைய சுவர்க் கடிகாரங்களைத் திறந்து பார்த்தால், ஊசல் மிகக் குறுகலாகத்தான் ஆடும். காரணம் இதுவே.

பலகை சாய வேண்டுமா என்பது சங்கிலிகள் எங்கே மாட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. முன்விளிம்புச் சங்கிலியும் பின்விளிம்புச் சங்கிலியும் மேலே ஒரே கொக்கியில் சேர்ந்தால், பலகை சங்கிலியோடு சேர்ந்து சாயும். இரண்டுக்கும் தனித்தனிக் கொக்கிகள் பலகையின் அகலத்துக்கு இணையான இடைவெளியில் இருந்தால், சங்கிலிகளும் பலகையும் உத்தரமும் ஓர் இணைகரமாக அமைந்து, எவ்வளவு ஆடினாலும் பலகை கிடையாகவே இருக்கும். உங்கள் விளையாட்டுக்கு இரண்டாவது வகை எளிது, ஏனென்றால் இடிபடுவதைக் கண்டறிய வைக்கும் மோதல் செவ்வகத்தைச் சுழற்ற வேண்டியிருக்காது.

மறுமொழி 2: பள்ளத்தூர், தற்போது கோயம்புத்தூரில் விளையாட்டு நிரலாளர்

தம்பியின் நிரலில் பிழை இருக்கும் வரியை என்னால் பார்க்காமலே சொல்ல முடிகிறது, ஏனென்றால் நானும் அதே பிழையோடுதான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். கோணத்தை முதலில் புதுப்பித்து, வேகத்தைப் பிறகு புதுப்பிக்கிறீர்கள். அதாவது கோணம் பழைய வேகத்தால் நகர்கிறது, வேகமோ பழைய கோணத்தின் முடுக்கத்தால் நகர்கிறது. இது நேரடி ஆய்லர் முறை. கோணத்தை ஓர் அச்சிலும் வேகத்தை மற்றோர் அச்சிலும் வரைந்தால், ஒவ்வொரு படியிலும் ஊசல் தான் இருக்க வேண்டிய வட்டத்திலிருந்து தொடுகோட்டின் வழியே சற்று வெளியே போய் நிற்கிறது. அடுத்த படி அங்கிருந்து தொடங்குகிறது. ஆற்றல் எங்கிருந்தும் வராமலே கூடிக்கொண்டே போகிறது.

எவ்வளவு கூடுகிறது என்றும் கணக்கிடலாம். 3 மீட்டர் சங்கிலிக்கு, விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் வீச்சு ஏறத்தாழ 25 விநாடியில் இரட்டிப்பாகும். 30 ஃபிரேம் ஓடினால் 13 விநாடியிலேயே இரட்டிப்பாகும். நீங்கள் சொன்ன அரை நிமிடமும் கால் நிமிடமும் இதோடு பொருந்துகின்றன. வேகத்தைக் குறைக்கும் வரியை உங்கள் கணினியின் பெருக்கத்துக்குச் சரியாக எதிர்வைத்துவிட்டீர்கள். நண்பரின் கணினியில் பெருக்கம் இருமடங்கு என்பதால் அது போதவில்லை. விநாடிக்கு 144 ஃபிரேம் ஓடும் கணினியில் அதே வரி ஊஞ்சலை மெல்ல மெல்ல நிறுத்திவிடும்.

இரண்டு வரிகளையும் இடம் மாற்றுங்கள். வேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தால் கோணத்தைப் புதுப்பித்தால், ஆற்றல் சற்று ஏறி இறங்கிக்கொண்டிருக்குமே ஒழிய ஒரே திசையில் பெருகாது. கூடவே, ஃபிரேம்தோறும் ஓடும் செயற்கூறிலிருந்து இயற்பியல் செயற்கூறுக்கு இதை மாற்றிவிடுங்கள். கோடோவில் அது இயல்பாக விநாடிக்கு 60 முறை மாறாத இடைவெளியில் ஓடும். யூனிட்டி என்ற மற்றொரு விளையாட்டு எஞ்சினில் இயல்பான இடைவெளி 0.02 விநாடி.

ஆனால் என் உண்மையான பரிந்துரை வேறு. யாரும் தள்ளாத, எதிலும் மோதி நிற்காத ஊஞ்சலுக்கு இந்தக் கூட்டல் கணக்கே தேவையில்லை. கோணத்தை நேரத்திலிருந்து நேராகக் கணக்கிடுங்கள்:

கோணம் = வீச்சு × சைன்(2 × பை × (நேரம் ÷ அலைவுக்காலம் + கட்டம்))

இங்கே கட்டம் என்பது அந்த ஊஞ்சல் தன் அலைவின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் எண். இதில் சேர்ந்துகொண்டே போகும் பிழை என்று ஒன்று இல்லை. நேரம் என்பது அந்தக் கட்டுக்குள் சிறுமி நுழைந்த கணத்திலிருந்து ஓடும் ஒரே பொதுக் கடிகாரமாக இருக்கட்டும். நான்கு ஊஞ்சல்களும் அதையே பார்க்கட்டும். ஊஞ்சல் திரைக்கு வெளியே இருக்கும்போது அதை வரையாமலும் மோதலைச் சோதிக்காமலும் விட்டுவிடலாம். மீண்டும் திரைக்குள் வரும்போது சூத்திரமே அதைச் சரியான இடத்தில் வைத்துவிடும். தாளத்தைப் பற்றிய உங்கள் ஐயம் இதோடு தீர்ந்துவிடுகிறது. தடையின் தாளம் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பது முறையல்ல என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் பத்து முறை இடிபட்டுக் கற்றவருக்குப் பதினோராவது முறை அந்தக் கற்றல் பயன்பட வேண்டும்.

உண்மையான ஊசலின் சமன்பாட்டை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1996-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ 64-இல் டிக் டாக் கிளாக் என்ற பகுதி உண்டு. நுழையும்போது கடிகாரத்தின் பெரிய முள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் பொறிகள் மெதுவாகவோ விரைவாகவோ தாறுமாறாகவோ இயங்கும். முள் 12-இல் இருந்தால் அனைத்தும் நின்றுவிடும். அங்குள்ள ஊசலை நடுவை நோக்கி இழுக்கும் முடுக்கம் கோணத்துக்கேற்ப மாறுவதே இல்லை, ஒரே அளவில் இருக்கிறது. அப்படி ஆடும் ஊசல் ஓரப்பாதிகளில் செலவிடும் நேரம் 71 விழுக்காடு. ஆசிரியை சொன்ன மூன்றில் இரண்டு பங்குக்கு இது நெருக்கமானது என்பதால், பல ஆண்டுகள் விளையாடிய எனக்கு அது ஊசலாகவே தெரிந்தது.

பலகை ஃபிரேம்களுக்கிடையே சிறுமியை ஊடுருவிச் சென்றுவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். 60 பாகை வீச்சில் பலகையின் உச்ச வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர், ஒரு படிக்கு 9 செ.மீ. அரை மீட்டர் அகலமுள்ள சிறுமியை அது தாண்டிவிட வழியில்லை.

மறுமொழி 3: காரைக்குடி மாணவன்

ஆசிரியை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. வரிகளை இடம் மாற்றியதும் வீச்சு பெருகுவது நின்றுவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு சூத்திர முறைக்கு முழுவதும் மாறிவிட்டேன். பலகையையும் கிடையாக்கிவிட்டேன்.

இப்போது ஊஞ்சல் அழகாக ஆடுகிறது, ஆனால் அதைக் கடப்பது மிகக் கடினமாகிவிட்டது. வீச்சை 60 பாகையில் வைத்திருக்கிறேன். விளையாடிப் பார்த்த ஐந்து நண்பர்களில் ஒருவர் மட்டுமே நான்காவது ஊஞ்சலைக் கடந்தார். எளிதாக்குவதற்காக வீச்சை 45 பாகைக்குக் குறைத்தேன். அதன் பிறகு ஒருவராலும் முதல் ஊஞ்சலையே கடக்க முடியவில்லை. சிறுமி பலகையின் மேல் ஏறிச் சவாரி செய்யவும் வழி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி 4: கானாடுகாத்தான், விளையாட்டுக் கட்ட வடிவமைப்பாளர்

தம்பி, வீச்சைக் குறைத்தால் எளிதாகும் என்று நினைத்தது இயல்பான தவறு. நான் வேலை பழகிய காலத்தில் இதைத்தான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். பக்கவாட்டுக் காட்சியில் ஊஞ்சல் ஆடுவது சிறுமி ஓடும் அதே கோட்டில். ஆகவே அவள் ஊஞ்சலைக் கடப்பது என்பது, அது உயர எழுந்திருக்கும்போது அதன் அடியில் புகுந்து போவதுதான். உங்கள் அளவுகளில் அவள் தலை தப்ப வேண்டுமானால் பலகை 1 மீட்டராவது உயர வேண்டும். 3 மீட்டர் சங்கிலிக்கு அது 48 பாகையில்தான் நடக்கும். 45 பாகை வீச்சில் அந்த உயரமே வருவதில்லை. ஒருவராலும் கடக்க முடியாதது அதனால்தான்.

60 பாகை வீச்சில் பலகை ஒவ்வோர் ஓரத்திலும் 48 பாகைக்கு மேலே இருப்பது முக்கால் விநாடி. அதன் அடியில் சிறுமி புகுந்து வெளியேற 0.36 விநாடி வேண்டும். ஆக, விளையாடுபவரின் கைக்கு மிஞ்சும் இடைவெளி 0.4 விநாடியளவே. 75 பாகைக்கு உயர்த்திப் பாருங்கள்: பலகை மேலே இருக்கும் நேரம் ஒரு விநாடியைத் தாண்டும், கைக்கு மிஞ்சுவது 0.65 விநாடியாகும். கண்ணுக்கு அதிக அச்சம் தரும் பெரிய ஆட்டம்தான் உண்மையில் இரக்கம் மிகுந்தது. பார்க்கப் பயங்கரமாகவும் கடக்க நியாயமாகவும் இருக்கும் தடையைத்தான் விளையாடுபவர்கள் விரும்பிச் சொல்லித் திரிவார்கள். உங்களுக்கு அது இயற்பியலிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். பெரும்பாலோர் ஊஞ்சல் தம் பக்கம் வந்து உச்சியில் நின்ற கணத்திலேயே அடியில் புகுந்து ஓடுவார்கள். அது தவறு. நடுவில் பலகை சிறுமியைவிட விரைவாகச் செல்வதால், பின்னாலிருந்து துரத்தி வந்து இடித்துவிடும். பலகை திரும்பிக் கீழிறங்கத் தொடங்கிய பிறகு அதன் பின்னாலேயே ஓடி, எதிர் ஓரத்தில் அது எழுந்து நிற்கும்போது அடியில் நுழைந்து வெளியேற வேண்டும். சிறு வயதில் வளவில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஓடிய பிள்ளைகள் எல்லோரும், யாரும் சொல்லித் தராமல், இப்படித்தான் ஓடினோம். முதல் ஊஞ்சலை இடித்தாலும் தண்டனை இல்லாத இடத்தில் வையுங்கள்; அங்கே இரண்டு மூன்று முறை தடுமாறித் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குத் துணையாக ஒலியைப் பயன்படுத்துங்கள். சங்கிலி கொக்கியில் உராயும் கிறீச்சொலியை, பலகை ஓரத்தில் திரும்பும் கணத்தில் ஒலிக்கவிடுங்கள். திரையைக் கூர்ந்து பார்க்காதவருக்கும் அந்தத் தாளம் காதில் ஏறிவிடும். ஆத்தங்குடிக் கல் தளத்தின் பளபளப்பில் பலகையின் நிழலையும் நகரவிட்டால் அழகுக்கு அழகு, அறிவிப்புக்கு அறிவிப்பு.

நான்கு ஊஞ்சல்களின் கட்டத்தை இப்படி அமைக்கலாம். அலைவுக்காலத்தை 4 விநாடியாகவும், ஊஞ்சல்களுக்கிடையே உள்ள தொலைவை 8 மீட்டராகவும் வையுங்கள். 8 மீட்டரை ஓட 2 விநாடி ஆகும். அது சரியாகப் பாதி அலைவு. அடுத்தடுத்த ஊஞ்சல்கள் பாதி அலைவு பின்தங்கி ஆடினால், முதல் ஊஞ்சலைச் சரியான கணத்தில் கடந்தவர் நிற்காமல் நான்கையும் ஒரே ஓட்டத்தில் கடந்துவிடுவார். தயங்குபவருக்கு ஊஞ்சல்களுக்கிடையே ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் எதுவும் எட்டாத இடம் எஞ்சும். அங்கே ஒரு தேக்குத் தூணை நிறுத்திவிட்டால் நின்று மூச்சு வாங்க வேண்டிய இடம் அது என்பது சொல்லாமலே விளங்கும்.

சவாரியைப் பொறுத்தவரை, இந்தக் கட்டில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இடித்தால் வாசலுக்கு அனுப்பும் பலகையே ஏறினால் தாங்கும் பலகையாகவும் இருந்தால், பார்ப்பவருக்கு அதை நம்புவதா அஞ்சுவதா என்று தெரியாது. மூன்றாம் கட்டில் வேறு நிறத்தில், இடித்தாலும் தீங்கு செய்யாத ஊஞ்சல் ஒன்றை வையுங்கள்.

மறுமொழி 5: தேவகோட்டை, இயற்பியல் ஆசிரியை

கட்ட வடிவமைப்பாளரான கானாடுகாத்தான் ஆச்சி சொன்ன 75 பாகையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அந்த வீச்சில் உண்மையான 3 மீட்டர் ஊஞ்சலின் காலம் 3.89 விநாடி. ஆகவே 4 விநாடி என்று வைத்தது இயற்கைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. மனம் உறுத்த வேண்டியதில்லை. ஆனால் சைன் சூத்திரத்தில் காலம் வீச்சைப் பொறுத்து மாறாது என்பதால், பின்னர் ஏதேனும் ஓர் ஊஞ்சலின் வீச்சை 30 பாகைக்குக் குறைத்தால், அதன் காலத்தையும் நீங்களே 3.54 விநாடிக்குக் குறைக்க வேண்டும். இல்லையெனில் பக்கத்தில் ஆடும் பெரிய ஊஞ்சலோடு ஒப்பிடும்போது அது சோம்பலாகத் தெரியும்.

மறுமொழி 6: பள்ளத்தூர், நிரலாளர்

அம்மா சொல்வது சரி. அருகருகே வைத்தால் கண் கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்தக் கட்டில் நான்கும் ஒரே வீச்சு, ஒரே காலம் என்பதால் தம்பி இப்போதைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டின் காலமும் வேறானால் ஆச்சி அமைத்த பாதி அலைவுக் கணக்கும் கலைந்துவிடும். விளையாட்டின் தாளமா இயற்கையின் அளவா என்று வரும்போது நான் தாளத்தின் பக்கம்தான் நிற்பேன்.

மூன்றாம் கட்டில் சவாரி ஊஞ்சல் வைப்பதானால், பலகையை அனிமேட்டபிள்பாடி2டி வகையாக (நிரலால் நகர்த்தப்படும் பொருளுக்கான கோடோ வகை) வைத்து இயற்பியல் படியிலேயே நகர்த்துங்கள். சிறுமி கேரக்டர்பாடி2டி (கதாபாத்திரத்துக்கான கோடோ வகை) என்றால், பலகையின் திசைவேகம் அவளையும் ஏந்திச் செல்லும். தாவி நீங்கும்போது அந்தத் திசைவேகம் அவளுடன் சேரும் என்பதே அங்கு இயல்பான அமைப்பு. உச்சியில் தாவினால் பலகையின் வேகம் சுழியம் என்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. நடுவில் தாவினால் கிடைமட்ட வேகம் மட்டுமே சேரும். மேலேறும் வழியில் பாதியில் தாவுபவளே உயரத்தையும் தொலைவையும் சேர்த்துப் பெறுவாள். எதிர்ச் சுவரில் உள்ள பரணை அந்தத் தாவலுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுமொழி 7: காரைக்குடி மாணவன்

75 பாகை, 4 விநாடி, 8 மீட்டர், பாதி அலைவு என்று அமைத்து, சங்கிலியின் ஒலியையும் சேர்த்து நேற்றிரவு அதே ஐந்து நண்பர்களிடம் கொடுத்தேன். ஐவருமே நான்கு ஊஞ்சல்களையும் கடந்துவிட்டார்கள். இருவர் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டத்தில் கடந்தார்கள். நண்பரின் பழைய மடிக்கணினியிலும் ஊஞ்சல்கள் அதே வீச்சில், அதே தாளத்தில் ஆடுகின்றன. இடித்தால் தீங்கில்லாத முதல் ஊஞ்சலை ஆச்சி சொன்னபடி வளவிலேயே வைத்துவிட்டேன். மூன்றாம் கட்டின் பரணை இன்று மாலை வரையத் தொடங்குகிறேன்.